16 மணித்தியால உண்ணாநிலை: எடை நின்றுவிட்டது, அம்மாவும் சேர விரும்புகிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

கோட்டைவாசல் (திருகோணமலை நகர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. காலை எட்டரை முதல் மாலை நாலேகால் வரை கதிரையில் இருந்தபடியே செய்யும் அலுவலக வேலை. உயரம் 168 சென்ரிமீற்றர். இவ்வருடத் தொடக்கத்தில் எடை 84 கிலோவாகவும் இடுப்புச் சுற்றளவு 101 சென்ரிமீற்றராகவும் இருந்தன. 35 வயதைத் தாண்டியவர்களை இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு மனைவி வற்புறுத்தி அழைத்துச் சென்றபோது வெறுவயிற்றுச் சீனி 112 என்று வந்தது. நூறுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 126 ஐத் தொட்டால் நீரிழிவு, நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் வைத்தியர். எப்படிக் குறைப்பது என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்தவர் வந்து கதிரையில் அமர்ந்துவிட்டார்.

அதன் பின்னர் அங்குமிங்கும் தேடி வாசித்து, மத்தியானம் 12 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்ட எட்டு மணித்தியாலத்துக்குள் மட்டும் உண்டு, மிகுதி 16 மணித்தியாலமும் வயிற்றைக் காயவிடும் முறையை மே மாத நடுப்பகுதியில் ஆரம்பித்தேன். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது. அதை அலுவலகம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வாரத்தில் 80.2 கிலோவுக்கு வந்தது. அதன் பிறகு பன்னிரண்டு நாட்களாகத் தராசு அதே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது.

காலையில் நான் எடுப்பது வெறுந்தேத்தண்ணீர் மட்டுமே. அதற்குச் சீனி சேர்ப்பதில்லை. பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். ஆறு மணிக்கு வீட்டில் ஒன்று, பத்து மணிக்கு அலுவலகத்தில் ஒன்று. மத்தியானம் சோறும் கறிகளும். இரவு ஏழரைக்கு வீட்டில் புட்டோ இடியப்பமோ எதுவோ, அதுதான்.

கடந்த ஞாயிறு காலை கோணேசர் கோவிலுக்கு நடந்து போனேன். கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. கோட்டை வாசலைத் தாண்டி ஏற்றத்தில் பாதித் தூரம் போனதும் தலை இடித்துக் கண் இருட்டிவிட, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரநிழலில் படுத்திருந்த மானொன்று, நான் தின்ன ஏதோ தரப்போகிறேன் என்றெண்ணி எழுந்து கிட்ட வந்தது. என்னிடம் இருந்ததோ அருச்சனைத் தட்டத்தில் வைத்திருந்த வாழைப்பழம் மட்டும். பன்னிரண்டு மணி ஆகவில்லை என்பதால் நானும் அதைத் தின்னவில்லை, சுவாமிக்குரியது என்பதால் மானுக்கும் கொடுக்கவில்லை.

இதைவிட என்னைக் கூடுதலாக யோசிக்க வைப்பது அம்மாவின் விஷயம். அவருக்கு 71 வயது. பத்து வருடங்களுக்கு மேலாக நீரிழிவுக்கு மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார். "கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகுத்தண்ணியோட இருந்தவள் நான், உன்ர பதினாறு மணித்தியாலம் எனக்கு ஒரு பெரிய காரியமே?" என்று கேட்கிறார். கடந்த புதன்கிழமை எனக்குச் சொல்லாமலே காலைச் சாப்பாட்டை விட்டிருக்கிறார்.

எடை நின்றதற்குக் காரணம் என்ன, தலைச்சுற்று இந்த முறையால் வந்ததா, அம்மாவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீத்துப்பெட்டி (உப்புவெளி) எழுதியது:

தம்பி, நான் 53 வயதான ஆசிரியை. பதினான்கு மாதங்களில் 71 கிலோவிலிருந்து 63 கிலோவுக்கு வந்திருக்கிறேன். உங்களைப் போலவே முதல் வாரம் துள்ளிக் குதித்து, ஏழாம் வாரம் தராசைத் தூக்கி வெளியே எறியலாமா என்று யோசித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வாரத்தில் இறங்கிய இரண்டு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பல்ல, தண்ணீர். நம் ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாச்சத்துச் சேமிப்பொன்று உண்டு. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு குறைந்தவுடன் உடம்பு முதலில் அந்தச் சேமிப்பில் கை வைப்பதால், கூடவிருந்த தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. ஆகவே உங்கள் உண்மையான கணக்கு மிகுதி நான்கு வாரங்களில் இறங்கிய 1.8 கிலோதான், அது மோசமான கணக்கல்ல. பன்னிரண்டு நாட்கள் எடை நிற்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். எனக்கு ஒருமுறை ஏழு வாரங்கள் அசையாமல் நின்றது, ஆனால் அதே காலத்தில் சட்டை தளர்ந்துகொண்டு வந்தது. இடுப்பை அளந்து பார்த்தீர்களா? தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை என்பார்கள். வாரத்துக்கொரு முறை எடையைப் பார்ப்பதோடு மாதத்துக்கொரு முறை அளவுநாடாவையும் எடுங்கள்.

அடுத்தது அந்தப் பனங்கட்டி. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான் தம்பி, பனையிலிருந்து வந்தது என்பதற்காக உடம்பு அதற்குச் சலுகை காட்டுவதில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு துண்டு கடித்தால் உங்கள் பதினாறு மணித்தியாலம் அந்த இடத்திலேயே முறிந்துவிடுகிறது. பத்து மணிக்கு மறுபடியும் முறிகிறது. நீங்கள் உண்மையில் இருப்பது இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரையிலான பத்து மணித்தியாலம், அது ஊரில் எல்லோரும் இருப்பதுதான்.

இனி என் வீட்டுப் புட்டின் கதையைச் சொல்கிறேன். மகளின் கேக் தராசு சும்மா கிடந்ததால், ஒரு நாள் எனக்கு வழமையாக அவிக்கும் புட்டுக்குரிய சாமான்களைத் தனித்தனியே அதில் வைத்துப் பார்த்தேன். அரிசிமா 120 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம். நூறு கிராம் அரிசிமாவில் ஏறத்தாழ 360 கலோரியும், பச்சைத் தேங்காய்ப்பூவில் 350 அளவிலும் இருக்கின்றன என்றால், சம்பலோ மீன் குழம்போ வாழைப்பழமோ சேர்வதற்கு முன்னரே 600 கலோரி புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குள் இருக்கிறது. நான் அதுவரை "இரவுக்குக் கொஞ்சம் புட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்! மத்தியானம் வரை பட்டினி கிடந்து, பின்னர் பஞ்சத்தில் அடிபட்டவர் போல் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டு, இரவில் நிறையப் புட்டும் சாப்பிட்டால், நேரத்தைச் சுருக்கியதன் பயன் தட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமனுள்ள 139 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வில், இரு குழுவினருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு கொடுத்து, ஒரு குழுவை மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை உண்ணச் செய்தார்கள். நேரக் கட்டுப்பாடு இருந்தவர்கள் சராசரி 8 கிலோவும், இல்லாதவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். அந்த வித்தியாசம் புள்ளிவிபரப்படி பொருட்படுத்தத்தக்கதாக இருக்கவில்லை. அப்படியானால் நான் ஏன் இதை விடாமல் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். மாலை ஆறரைக்குப் பின் ஒன்றுமில்லை என்ற ஒரேயொரு விதி, தொலைக்காட்சிக்கு முன்னால் நான் அறியாமல் தீர்த்துக்கொண்டிருந்த பிஸ்கற் பைக்கற்றை நிறுத்தியது. கலோரி எண்ணச் சொன்னால் எனக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். மணிக்கூட்டைப் பார்ப்பது சுலபம்.

பாடசாலை இடைவேளை பத்தரை மணிக்கு என்பதால் முதற் சாப்பாடு அப்போதுதான். குரக்கன் ரொட்டி ஒன்று, அவித்த முட்டை இரண்டு, சில நாட்களில் அவித்த கடலை. மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி, வறையையும் கீரையையும் மீனையும் கூட்டினேன். புரதத்தில் குறை வைக்க வேண்டாம். அமெரிக்காவில் 116 பேரை வைத்துச் செய்து 2020 இல் வெளியான இன்னோர் ஆய்வில், 12 வாரம் பதினாறு மணித்தியாலம் இருந்தவர்கள் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இழந்தார்கள், அதிலும் கொழுப்பை விடத் தசையே கூடுதலாகக் கரைந்ததாகக் கண்டார்கள். நம் வயதில் தசையை இழந்தால் திரும்பப் பிடிப்பது கடினம். சூடை மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு புரதத்துக்கு வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாம்கட்டை எழுதியது:

மேலே சொன்ன அக்காவின் கணக்குகள் சரியாக இருக்கலாம். எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு மாதம் இருந்தேன். நெஞ்செரிவு கூடியது, மத்தியானத்துக்கு முன் யாராவது கதைத்தால் சீறி விழுந்தேன், வீட்டிலுள்ளவர்கள் கைகூப்பிக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். இப்போது மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு, மாலையில் கடற்கரையோரம் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன். மெதுவாகத்தான் என்றாலும் எடை குறைகிறது. எட்டு மணித்தியாலத்துக்குள் உண்பவர்கள் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு 91 சதவீதம் கூடுதல் என்று 2024 இல் வந்த செய்தியையும் யாராவது விளங்கப்படுத்தினால் நல்லது.

ஆற்றங்கரை (கிண்ணியா) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். வருடத்தில் ஒரு மாதம் பகல் முழுவதும் உண்ணாமலும் நீர் அருந்தாமலும் இருப்பவர்கள் நாங்கள் என்பதால் எடை தானாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு மூன்று ரமழான்களில் எடை கூடியது. நம் ஊரில் பகற்பொழுது வருடம் முழுவதும் பெரிதாக மாறாததால் நோன்பு 13 மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், கஞ்சி, சமோசா, கட்லட், சர்பத், பின்னர் தராவீஹ் முடிந்து வந்து சோறு, ஸஹருக்கு மறுபடியும் சோறு என்று இரவில் மூன்று வேளை வயிற்றை நிரப்பினால் எடை எப்படிக் குறையும்? நோன்பை எடைக்காகப் பிடிப்பதுமில்லை, அது இறைவனுக்கானது. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல், ரமழான் அல்லாத மாதங்களில் என்ன செய்கிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மஃரிப் தொழுகை முடிந்து ஆறரை மணியளவில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவேன். மறுநாள் காலை எட்டரைக்குத்தான் அடுத்தது. பதினான்கு மணித்தியாலம் வருகிறது, அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடுகிறது. முன்பெல்லாம் இஷாவுக்குப் பின் நண்பர்களோடு கடைத்தெருவில் கூடிக் கொத்துரொட்டி சாப்பிடுவது வழமை. இப்போது அவர்களோடு அமர்ந்திருந்து வெறுந்தேத்தண்ணீர் குடிக்கிறேன், கொத்துத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பெரிய சோதனை. ஏழு மாதத்தில் 5 கிலோ குறைந்தது. காலைச் சாப்பாட்டை விடுவதை விட இரவுச் சாப்பாட்டை முன்னே தள்ளுவது நல்லது என்பது என் எண்ணம். இதற்கு ஆதரவாக 2018 இல் அமெரிக்காவில் செய்த சிறிய ஆய்வொன்றும் உண்டு. நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த ஆண்கள், பிற்பகல் மூன்று மணிக்கு முன் அன்றைய கடைசிச் சாப்பாட்டை முடித்தபோது, எடை குறையாமலே இன்சுலின் வேலை செய்யும் விதம் சீரடைந்ததாகக் கண்டார்கள். எட்டுப் பேர் மட்டுமே என்பதால் அதை அளவுக்கு மீறி நம்பவும் முடியாது.

கோட்டைவாசல் சகோதரர் ஏழரை மணிப் புட்டை ஆறரைக்குக் கொண்டுவர வீட்டில் கதைத்துப் பார்க்கலாம். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். நாளெல்லாம் வேலைக்குப் போய் வந்த குடும்பம் ஒன்றாக அமரும் ஒரேயொரு வேளையை இதற்காகக் குலைக்க வேண்டியதில்லை.

வாப்பாவும் கிளிக்கிளசைட் எடுப்பவர். நோன்புக்கு ஒரு மாதம் முன்னரே வைத்தியரிடம் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது எங்கள் வீட்டில் கட்டாயம். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. 70 க்குக் கீழே இறங்கினாலோ 300 ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அப்படி ஒருமுறை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் விட நேர்ந்தபோது வாப்பா கண்கலங்கினார். ஆனாலும் விட்டார்.

ஓய்வுதாதி (தம்பலகாமம்) எழுதியது:

நான் முப்பது வருடங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எடையைப் பற்றி மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் அம்மாவைப் பற்றி மட்டும் எழுத வந்தேன், மகன் இதை இன்றைக்கே வாசிக்க வேண்டும்.

மெற்போமின் தனியாக இருந்தால் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்கிளசைட் அப்படியல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. அம்மா சாப்பிட்டாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டு அது வேலை செய்வதில்லை. காலையில் குளிசையைப் போட்டுவிட்டு மத்தியானம் வரை ஒன்றும் உண்ணாமல் இருந்தால், பத்து, பதினொரு மணியளவில் சீனி 70 க்குக் கீழே போகக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கதைப்பதில் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் இவையெல்லாம் அறிகுறிகள். வயதானவர்களில் இவை தெளிவாகத் தெரியாமல், வெறும் களைப்பாகவோ தூக்கமாகவோ தோன்றி ஏமாற்றிவிடும். பிரஷருக்கு அற்றனலோல் போன்ற மருந்தும் எடுப்பவர்களில் நடுக்கமும் படபடப்பும் மறைந்து, வியர்வை ஒன்றே மிஞ்சும். "வெயிலுக்கு வியர்க்குது" என்று படுத்தவர்களை மயங்கிய நிலையில் கொண்டுவந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்படி நேர்ந்தால், அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணித்தியாலம் கழித்து மறுபடியும் சீனி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். ஏறியதும் சாப்பாடு கொடுக்க வேண்டும், சீனித்தண்ணீரோடு விட்டுவிடக் கூடாது. மயங்கியிருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

கந்தசஷ்டியை அம்மா ஒப்பிடுவது எனக்கு விளங்குகிறது, நானும் அந்த விரதம் பிடிப்பவள். ஆனால் அவர் மிளகுத்தண்ணீரோடு ஆறு நாள் இருந்தது எந்த வயதில், அப்போது இந்தக் குளிசை இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இப்போதும் இந்த வருடச் சஷ்டிக்கு இருக்கத்தான் போகிறார் என்றால், ஐப்பசி பிறக்கும் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். விரதம் பிடிக்காதே என்று அதட்டினால் ஒளித்துப் பிடிப்பார்; புதன்கிழமை அதைத்தானே செய்திருக்கிறார். இன்சுலின் ஊசி போடுபவர்கள், நீரிழிவுக்கு எம்பக்ளிபுளோசின் போன்ற குளிசை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், இதற்கு முன் சாப்பாட்டை வெறுத்து மெலிந்த வரலாறுள்ள பிள்ளைகள் ஆகியோரும் தாமாக இதில் இறங்கக் கூடாது.

மூன்றாம்கட்டை கேட்ட 91 சதவீதச் செய்தி, அமெரிக்க இருதயச் சங்கத்தின் மாநாடொன்றில் வாசிக்கப்பட்ட சுருக்கத்திலிருந்து வந்தது. சுமார் 20,000 பேரிடம் இரண்டு நாட்கள் என்ன உண்டீர்கள் என்று கேட்டு, பல வருடங்களின் பின்னர் யார் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்துக்குள் உண்டவர்களில் எத்தனை பேர் வேலைப்பளுவாலோ வருத்தத்தாலோ அப்படி உண்டார்கள் என்பதை அதில் பிரித்தறிய முடியாது. அதற்குப் பயந்து விடவும் வேண்டாம், ஒரு நாளும் கேள்வி கேட்காமல் பின்பற்றவும் வேண்டாம். உங்களுக்கு நெஞ்செரிவு வந்ததால் நிறுத்தினீர்கள், அது சரியான முடிவு.

மகனின் தலைச்சுற்றுக்கு வருகிறேன். கச்சான் காலத்தில், காலையிலிருந்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெயிலில் ஏற்றம் ஏறினால் யாருக்கும் கண் இருட்டும். சாப்பிடாத நேரம் என்பது தண்ணீர் குடிக்காத நேரம் அல்ல. எழுந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர் குடியுங்கள், மத்தியானச் சாப்பாட்டில் உப்பை அறவே தவிர்க்க வேண்டாம், நடையைச் சூரியன் ஏறும் முன் முடியுங்கள். இதற்குப் பிறகும் மயக்கம் வந்தால் பிரஷரையும் இருதயத்தையும் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கோட்டைவாசல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தாதி அம்மாவின் பதிலை வாசித்தவுடன் அம்மாவிடம் போய்ப் புதன்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பின்னர், பதினொரு மணியளவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்ததாகவும், வெக்கையாக்கும் என்று மின்விசிறியின் கீழ் படுத்ததாகவும், மருமகள் கொண்டுவந்து கொடுத்த தோடம்பழச் சாற்றைக் குடித்த பிறகு சரியானதாகவும் சொன்னார். கேட்டதும் எனக்கு உடம்பு உதறியது. மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். காலைச் சாப்பாட்டை ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லி, குளிசையின் அளவையும் குறைத்திருக்கிறார்கள். சஷ்டியைப் பற்றிப் புரட்டாசியில் வந்து கதைக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு அதில் பாதிச் சமாதானம்.

நான் பனங்கட்டியை விட்டு ஐந்து நாளாகிறது. தேத்தண்ணீர் கசக்கிறது. இடுப்பை அளந்ததில் 97 வந்தது, அதை நான் இதுவரை பார்க்கவே இல்லை. இரவுச் சாப்பாட்டை ஆறரைக்குக் கொண்டுவர முடியவில்லை, மகளின் ரியூசன் ஏழு மணிக்குத்தான் முடிகிறது. ஆகவே நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு புட்டைக் குறைத்துப் பார்க்கிறேன். ஆடி முடிவில் எடையை எழுதுகிறேன்.

நீத்துப்பெட்டி அக்காவிடம் ஒரு கேள்வி: குரக்கன் ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ எவ்வளவு போடுகிறீர்கள்? நாங்கள் செய்தது சப்பாத்துத் தோல் போல் வந்தது.